எனக்குத் தொழில் பழக்கிய அக்காவுக்கே நான் சூப்பர்வைசர்: லைனை எப்படி நடத்துவது?

ஓவர்லாக் தங்கை
ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றில் 11 ஆண்டுகள் ஓவர்லாக் (துணி ஓரத்தைப் பின்னி மூட்டும் மெஷின்) டெய்லராக இருந்தேன். ஆறு வாரத்துக்கு முன் லைன் சூப்பர்வைசராக மாற்றினார்கள். என் லைனில், அதாவது ஒரு உடையை வரிசையாகத் தைத்து முடிக்கும் மெஷின் வரிசையில், 14 மெஷின். ஹெல்ப்பர், செக்கிங் எல்லாரையும் சேர்த்தால் 22 பேர். அவர்களில் எட்டுப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள்.

பொறுப்பை ஏற்றபோது பயமும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. எங்கள் யூனிட்டில் தைப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சூப்பர்வைசர்களில் நான் ஒருத்திதான் பெண்.

புதிதாக ஒரு ரவுண்டு நெக் டி-ஷர்ட் ஆர்டர் ஏறியிருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு, அதாவது எட்டு மணி நேரத்துக்கு, 800 பீஸ் வேண்டும் என்கிறார் மேனேஜர். பத்து நாளாக 480, 495, 490 என்றுதான் வருகிறது. ஒரு நாள்கூட 500ஐத் தொடவில்லை. மணிக்கு ஒருமுறை போர்டில் எண்ணிக்கை எழுதுவார்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது.

கழுத்தைச் சுற்றி வரும் காலர் ரிப் பட்டையை ஏற்றும் மெஷினில்தான் வேலை தேங்குகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் எனக்கு ஓவர்லாக் கற்றுக்கொடுத்த அக்கா. டெய்லருக்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு நான் வந்த காலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியைக் கையில் கொடுத்து, தன் மெஷினிலேயே உட்காரவைத்துப் பழக்கியவர். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்துக்குச் சற்று முன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மிகவும் கடுமையாகப் பேசினார். அதே சூட்டோடு லைனுக்கு வந்து, "உங்களால்தான் எனக்கு இந்தப் பேச்சு. முடியவில்லை என்றால் எழுந்து போங்கள்" என்று எல்லார் முன்னாலும் அக்காவிடம் கத்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷினை அணைத்தார், சம்பளக் கவரை வாங்கினார், போய்விட்டார்.

நேற்று இரவு முழுதும் தூக்கமில்லை. நாளை காலை 8.30 மணிக்கு அவர் முன் எப்படிப் போய் நிற்பேன்? இந்த வேலையே வேண்டாம், மறுபடியும் ஓவர்லாக்கிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றும் தோன்றுகிறது. ஆட்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 9.50

அம்மிணி, 32 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். பவர்டேபிள் தையல் மெஷினில் தொடங்கி ஃப்ளோர் இன்சார்ஜ் வரை போனேன். இறங்கிப் போகாதீர்கள். ஒரு பெண் சூப்பர்வைசராக வந்து இரண்டே மாதத்தில் திரும்பிப் போனால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த யூனிட்டில் வேறொரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைக்காது.

இரண்டாவது, மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் நாளை மறுநாளிலிருந்து 22 பேரும் உங்களை எடைபோட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், மனசு இளகிவிடும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதை மறந்துவிட வேண்டாம். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவிலேயே ஆர்டரின் லாபம் முழுதும் கரைந்துவிடும். மேனேஜர் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஓரளவு பயம் இல்லாமல் எந்த லைனும் ஓடாது.

வார்டு சிஸ்டர்
ஞாயிறு, இரவு 10.30

நான் வேறு தொழில். ஒரு மருத்துவமனையில் 30 படுக்கை வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நொய்யல்கரை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மன்னிப்பு விஷயத்தில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம், டிரிப்ஸ் வேகத்தைத் தவறாக வைத்த ஒரு இளம் நர்ஸை நோயாளியின் உறவினர்கள் முன்னிலையில் திட்டினேன். தவறு அவளுடையதுதான், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து அதே பெண் ஒரு மருந்தை வேறு நேரத்துக்குக் கொடுத்துவிட்டாள். உடனே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். இரண்டு மணி நேரம் சொல்லவில்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டபோது, "சிஸ்டர், நீங்கள் எல்லார் முன்னாலும் கேட்பீர்கள்" என்றாள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

நீங்கள் திட்டியது 22 பேர் காதிலும் விழுந்திருக்கிறது. மன்னிப்பு ஒருவர் காதில் மட்டும் விழுந்தால் மற்ற 21 பேருக்கும் சனிக்கிழமைதான் நினைவில் நிற்கும். எனவே லைன் ஓடத் தொடங்கும் முன், எல்லாரும் இருக்கும்போது, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "சனிக்கிழமை அக்காவிடம் நான் பேசியது தவறு. மன்னித்துவிடுங்கள் அக்கா." அவ்வளவுதான். காரணம் சொல்லாதீர்கள், மேனேஜர் திட்டியதை இழுக்காதீர்கள், அழவும் வேண்டாம். சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நொடிக்கணக்கு
ஞாயிறு, இரவு 11.05

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியராக வேலை செய்கிறேன். மன்னிப்பு பற்றி மேலே இருவரும் பேசிவிட்டார்கள். நான் அந்த 490ஐப் பற்றிப் பேசுகிறேன். பத்து நாளாக ஒரே எண் வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கண்ணில் பட்டது. ஆட்கள் சோம்பேறித்தனம் செய்தால் எண்ணிக்கை ஒரு நாள் 400, ஒரு நாள் 600 என்று ஆடும். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் லைனின் அமைப்பே அதற்கு மேல் விடவில்லை என்று பொருள்.

நாளை ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் பத்துப் பீஸுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பீஸை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பண்டல் எடுப்பது, முடிச்சு அவிழ்ப்பது எல்லாம் அதற்குள் வர வேண்டும். அளப்பதற்கு முன் எதற்காக அளக்கிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கடிகாரத்தோடு முதுகுக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள்.

எட்டு மணி நேரம் என்பது 28,800 நொடி. 800 பீஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு 36 நொடிக்கும் ஒரு பீஸ் லைனை விட்டு வெளியேற வேண்டும். எந்த மெஷினில் 36க்கு மேல் ஆகிறதோ அங்கே மலைபோல் குவியும். மற்ற 13 பேரும் பறந்து பறந்து தைத்தாலும் அந்த ஒரு மெஷின் விடுவதுதான் உங்கள் போர்டில் ஏறும் எண்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதற்கு முன் ஓடிய ஸ்டைலில் கழுத்து எப்படி இருந்தது?

பவர்டேபிள்
திங்கள், காலை 6.40

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். நானும் டெய்லர்தான், இன்றும் மெஷினில் உட்காருபவன். கடிகாரத்தை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் சகோதரி. உங்கள் லைன் பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா?

பீஸ் ரேட் என்றால் ஒருவரைப் பழகிய மெஷினிலிருந்து எழுப்பி வேறு மெஷினில் போட்ட நிமிடமே அவர் வீட்டுக்குப் போகும் பணம் குறைகிறது. சூப்பர்வைசர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஷிப்ட் சம்பளம் என்றாலும், நேரம் அளந்த மறுநாளே டார்கெட்டை ஏற்றிய கதைகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்தால் எங்கள் கை தானாகவே மெதுவாகும்.

ஓவர்லாக் தங்கை
திங்கள், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. ஷிப்ட் சம்பளம்தான் பவர்டேபிள் அண்ணா.

காலையில் வார்டு சிஸ்டர் அக்கா சொன்னபடியே செய்தேன். கால் நடுங்கியது. இரண்டு வாக்கியம் என்று நினைத்துப் போனேன், ஒன்றுதான் வந்தது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் பத்து மணி டீக்கு எல்லாரும் எழுந்தபோது, எப்போதும்போல என் டம்ளரையும் சேர்த்து எடுத்துவந்தார். நான் சூப்பர்வைசரான பின் ஆறு வாரமாக அவர் அப்படிச் செய்யவில்லை.

நேரம் அளந்தேன். எதற்கு என்று முன்கூட்டியே சொன்னேன். ஒடிசாத் தம்பிகளுக்கு விளக்கத் தெரியவில்லை, அவர்களில் ஓரளவு தமிழ் பேசும் ஒருவன் எடுத்துச் சொன்னான். வந்த எண்கள்: ஷோல்டர் 20 நொடி, லேபிள் 18, பின்கழுத்து டேப் 30, பாட்டம் (கீழ் ஓர மடிப்பு) 31. சைடு மூட்ட 50 ஆகிறது, ஆனால் அங்கே இரண்டு பேர் இருப்பதால் 25தான். கை ஏற்றவும் இரண்டு பேர். காலர் ரிப் ஏற்ற 50 நொடி. அங்கே அக்கா ஒருவர் மட்டும்.

நொடிக்கணக்கு அண்ணா கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது. போன ஸ்டைலில் கழுத்துக்குப் பைப்பிங், அதாவது மெல்லிய துணிப்பட்டை; அது பிளாட்லாக் என்ற வேறு மெஷினில் ஓடியது. இந்த ஸ்டைலில் இழுபடும் லைக்ரா ரிப். இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் சுற்ற வேண்டும். ஸ்டைல் மாறியது, ஆட்களை உட்காரவைத்த முறை மாறவில்லை. இதை நான் பத்து நாளாகப் பார்க்கவே இல்லை.

நொடிக்கணக்கு
திங்கள், இரவு 10.10

28,800ஐ 50ஆல் வகுத்தால் 576. நூல் அறுவது, ஊசி உடைவது, தண்ணீர் குடிப்பது, கழிவறைக்குப் போவது எல்லாவற்றுக்கும் 15 விழுக்காடு கழியுங்கள். 490 வருகிறது. நீங்கள் பத்து நாளாகப் போர்டில் பார்த்த அதே எண். உங்கள் அக்கா ஒரு நாள்கூடக் குறைவாக வேலை செய்யவில்லை. ஒருவரால் எவ்வளவு முடியுமோ அதை ஒவ்வொரு நாளும் முழுதாகக் கொடுத்திருக்கிறார்.

லேபிளைப் பாருங்கள். 800 பீஸுக்கு 18 நொடி என்றால் 14,400 நொடி, அதாவது நான்கு மணி நேரம். லேபிள் வைப்பவருக்கு அரை ஷிப்ட் வேலைதான் இருக்கிறது. அவருக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தால் மீதி நான்கு மணி நேரம் இரண்டாவது மெஷினில் காலர் ஏற்றலாம். புதியவர் என்பதால் ஒரு பீஸுக்கு 65 நொடி எடுப்பார் என்று வைத்துக்கொண்டாலும் 221 பீஸ் கூடும். 576ஐயும் சேர்த்து, அதே 15 விழுக்காட்டைக் கழித்தால் 677 வரும்.

800 வராது. அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பாட்டம் 31 நொடி என்றால் கழிவு போக 789தான் வரும். காலரைச் சரிசெய்ததும் தேக்கம் பாட்டத்துக்கு நகரும். மேனேஜர் சொன்ன 800 யாரும் அளந்து சொன்ன எண்ணாகத் தெரியவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள். "அவர்களால் முடியவில்லை சார்" என்று நின்றால் அவர் மேலும் கத்துவார். "இந்த மெஷினில் இத்தனை நொடி, இன்னொரு ஓவர்லாக் கொடுங்கள்" என்று கேட்டால் அவருக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும்.

கடைசி மேசை
செவ்வாய், காலை 7.05

நான் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். நொய்யல்கரை ஐயா "ஓரளவு பயம் வேண்டும்" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தப் பயம் கடைசியில் எங்கே வந்து சேர்கிறது என்பதை என் மேசையில்தான் பார்க்க முடியும்.

சில வருடத்துக்கு முன் நான் இருந்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர், டேமேஜ் பீஸ் வந்தால் தைத்தவரை எழுப்பி நிற்கவைத்து, அந்தப் பீஸைத் தூக்கிக் காட்டித் திட்டுவார். ஒரு மாதத்தில் அவர் லைனில் டேமேஜ் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு வாடிக்கையாளர் தரப்பு இன்ஸ்பெக்ஷன் வந்தது. 2.5 ஏ.க்யூ.எல் (ஏற்கத்தக்க தர அளவு) கணக்குப்படி 3,000 பீஸ் உள்ள லாட்டில் 125 பீஸை உருவி எடுத்துப் பார்ப்பார்கள். 7 வரை தவறு இருந்தால் தேறும், 8 ஆனால் மொத்த லாட்டும் திரும்பும். எங்களுக்கு 19 வந்தது. ஊசி ஓட்டை விழுந்த பீஸ்களைப் பண்டலின் நடுவில் செருகி அனுப்பியிருக்கிறார்கள். 3,000 பீஸையும் பெட்டி பிரித்து, இரண்டு இரவு கண்விழித்து மறுபடியும் பார்த்தோம்.

டொயோட்டா கார் ஆலைகளில் கோளாறு கண்ட தொழிலாளி தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குழுத் தலைவர் அவரிடம் வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் தீராவிட்டால் லைனே நிற்கும். நம் லைனில் கயிறு வேண்டாம். டேமேஜைத் தானே எடுத்துவந்து காட்டுபவரைத் திட்டாமல் இருந்தாலே போதும். நான் இப்போது இருக்கும் இடத்தில் அப்படிக் காட்டுபவரிடம் "நல்லவேளை, இங்கேயே பார்த்துவிட்டீர்கள்" என்று சொல்வோம். மனதார அப்படிச் சொல்ல எனக்குச் சில மாதம் பிடித்தது.

நொய்யல்கரை
செவ்வாய், இரவு 8.20

கடைசி மேசை எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்படிச் செருகிய பண்டல் என் காலத்திலும் வந்திருக்கிறது. அப்போது தைத்தவர்களை நிறுத்தினேன். ஏன் மறைத்தார்கள் என்று யோசிக்கவில்லை.

மன்னிப்பு விஷயத்தில் அம்மிணி செய்தது பலித்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்பாக இருப்பதும் ஆளுக்கொரு நியாயம் வைப்பதும் வேறு வேறு. பழைய தோழிகள் நிறைந்த லைன் இது. நாளை அந்த அக்கா 8.45க்கு வருவார், நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். மறுநாள் ஒடிசாப் பையன் 8.45க்கு வருவான், அவனுக்குக் கால் மணிச் சம்பளத்தைப் பிடிப்பீர்கள். அன்றோடு உங்கள் பேச்சு எடுபடாது. நேரம், லீவு, செல்போன் இந்த மூன்றிலும் எல்லாருக்கும் ஒரே விதி. கற்றுக்கொடுத்தவருக்கும் அதே விதிதான். இதை அந்த அக்காவிடமே முதலில் சொல்லிவிடுங்கள். பெரிய மனுஷி, புரிந்துகொள்வார்.

வார்டு சிஸ்டர்
செவ்வாய், இரவு 9.00

இதில் ஐயாவோடு முழுதும் ஒத்துப்போகிறேன். எங்களுக்குத் தீபாவளி, பொங்கல் இரவுப் பணிதான் பெரிய சண்டை. யார் எந்தப் பண்டிகைக்கு வேலை பார்த்தார்கள் என்று மூன்று வருடக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி மேசை மேல் வைத்தேன். அதன் பிறகு என்னிடம் வந்து கெஞ்சுவது நின்றுவிட்டது. நோட்டைப் பார்த்து அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் ஒடிசாத் தம்பிகளுக்கு ரத யாத்திரைக்கும் துர்கா பூஜைக்கும் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். யார் எப்போது போகிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் நான்கு பேர் கிளம்பினால் லைன் படுத்துவிடும்.

ஓவர்லாக் தங்கை
வியாழன், இரவு 10.00

எழுத நிறைய இருக்கிறது.

லேபிள் வைக்கும் பெண்ணுக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரியும், ஆனால் காலர் பழக்கமில்லை. யாரை வைத்துக் கற்றுக்கொடுப்பது என்று யோசித்தபோது அக்காவையே கேட்டேன். "நான் சொல்லித்தருகிறேன்" என்று உடனே சொன்னார். செவ்வாய்க்கிழமை 540, புதன் 610, இன்று 640.

அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. நேற்று அந்தப் பெண் பழகுவதை அக்கா பக்கத்தில் நின்று பார்த்தபோது, ரிப்பைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். இந்த ஆர்டர் நேவி ப்ளூ, நூலும் நேவி ப்ளூ. சாயந்தரம் எல்லாரும் போன பிறகு, "அக்கா, கண் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஒரு வருடமாகவே கிட்டத்தில் இருப்பது மங்கலாக இருக்கிறதாம். வெள்ளைத் துணி ஓடியபோது சமாளித்துவிட்டார். கறுப்பு, நேவி வந்தால் விரலால் தடவித்தான் தையல் ஓரத்தைப் பிடிக்கிறாராம். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று செக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறைந்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு 46 வயது. அந்த வயதில் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லாருக்கும் வருவதுதானே.

கண் தெரியாமல் விரலால் தடவி ஒரு நாளைக்கு 490 பீஸ் தைத்த மனுஷியிடம் நான் "எழுந்து போங்கள்" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை மெக்கானிக் அண்ணாவிடம் சொல்லி, ஊசிக்கு மேல் காந்தத்தில் ஒட்டும் சிறிய எல்.இ.டி விளக்கை அக்கா மெஷினில் வைத்தேன். விலை சில நூறு ரூபாய்தான். ஞாயிறு அன்று இருவரும் சேர்ந்து கண் பரிசோதனைக்குப் போகிறோம். ஈ.எஸ்.ஐ கார்டு இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயத்துக்கு ஆலோசனை வேண்டும். ஒன்று, ஒடிசாத் தம்பிகள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், பிறகு தவறாகத் தைக்கிறார்கள். இரண்டாவது, நேற்று ஒரு ஹெல்ப்பர் பெண் என்னிடம் தனியே வந்தாள். பேக்கிங் பக்கத்து ஆள் ஒருவர் வழியை மறித்து நின்று தகாத பேச்சுப் பேசுகிறாராம். நானே அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாமா?

அவினாசி ரோடு
வெள்ளி, காலை 6.30

தொழிலாளர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது காத்திருக்கக் கூடாது. நீங்களே கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதித்தரும் பொறுப்பு குழுவுக்கு உண்டு. அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லுங்கள், புகார் கொடுப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். குழுவிடம் போகும்போது அவள் விரும்பினால் கூடப் போங்கள். இடையில் அவள் தனியே அந்த வழியில் போகாதபடி வேலையை அமையுங்கள். இதை லைனில் ஒருவரிடமும் பேசாதீர்கள்.

தம்பிகள் விஷயம்: தலையாட்டுவது "புரிந்தது" என்பதற்கு அடையாளம் ஆகாது. "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "தைத்துக் காட்டு" என்று சொல்லி முதல் மூன்று பீஸைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சரியான பீஸ் ஒன்றையும் தவறான பீஸ் ஒன்றையும் மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள், பச்சை நூல் கட்டியது சரி, சிவப்பு நூல் கட்டியது தவறு என்று. அதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை.

பவர்டேபிள்
வெள்ளி, இரவு 9.10

தம்பிகளிடம் நீங்களும் நான்கு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள் சகோதரி. என் பக்கத்து மெஷினில் இருக்கும் ஒடிசாப் பையனிடம் நான் கற்றது: "டிக் அச்சி" என்றால் சரியாக இருக்கிறது, "தீரே தீரே" என்றால் மெதுவாக. எங்கள் சூப்பர்வைசர் அவன் தைத்த பீஸைப் பார்த்து முதல் தடவை "டிக் அச்சி" என்று சொன்ன நாளில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக அவனுக்கு இங்கே தெரிந்த தமிழில் பாதி திட்டு.

இப்போது நான் கேட்டே ஆக வேண்டியது. லேபிள் வைத்த அந்தப் பெண் இன்று ஓவர்லாக்கில் காலர் ஏற்றுகிறாள். சம்பளம் யாருடையது? ஹெல்ப்பர் சம்பளத்தில் டெய்லர் வேலை வாங்கி லைன் 640ஐத் தொட்டது என்றால், அந்தக் கூடுதல் பீஸ் அவள் வயிற்றிலிருந்து வருகிறது. டார்கெட் எட்டவில்லை என்று அரை ஷிப்ட் கூடுதலாக நிறுத்தும்போது என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம், இவற்றைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சூப்பர்வைசரால் இதை மாற்ற முடியாது என்று சொல்வீர்கள். கேட்கவாவது முடியும். மேனேஜர் அறைக்குள் போக எங்களில் உங்களுக்கு மட்டும்தான் கதவு திறந்திருக்கிறது.

நொய்யல்கரை
வெள்ளி, இரவு 9.45

தம்பி சொல்வது சரி. கேளுங்கள் அம்மிணி. ஆனால் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "கேட்கிறேன், சனிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இல்லை என்ற பதில் வந்தாலும் அதே சனிக்கிழமை அவள் முன்னால் போய்ச் சொல்லுங்கள். நான் வாக்குக் கொடுத்துவிட்டு, முடியாமல் போனபோது முகம் காட்டாமல் சுற்றிப்போயிருக்கிறேன். அந்தப் பையன் என்னோடு அப்புறம் பேசவே இல்லை.

ஓவர்லாக் தங்கை
அடுத்த சனி, இரவு 10.20

ஒரு வாரம் ஆகிவிட்டது.

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். 14 மெஷினின் நொடிகளையும் எழுதியிருந்தேன். முதலில் "இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். பிறகு உட்காரச் சொன்னார். அவருக்கும் மேலிடத்தில் 800 என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்களாம். அரை மணி நேரம் பேசினோம். இந்த ஸ்டைலுக்கு 740 என்று மாற்றி எழுதினார். அக்காவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. விளக்கும் கண்ணாடியும் சேர்ந்து 50 நொடி 44 ஆகிவிட்டது. நேற்று 725, இன்று 735. நொடிக்கணக்கு அண்ணா சொன்னபடியே இப்போது பாட்டத்தில் குவியத் தொடங்கியிருக்கிறது.

அக்காவிடம் நேர விதியைப் பேசினேன். "நான் என்றைக்கு அம்மா தாமதமாக வந்தேன்?" என்று கேட்டார். உண்மைதான், 11 வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஹெல்ப்பர் பெண் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

தம்பிகளுக்குப் பச்சை நூல், சிவப்பு நூல் பீஸ்களைத் தொங்கவிட்டேன். "தைத்துக் காட்டு" என்று கேட்டபோது எட்டுப் பேரில் மூன்று பேருக்கு டேப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்றே தெரியவில்லை. இத்தனை நாளாக அவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. "டிக் அச்சி" சொன்னேன் பவர்டேபிள் அண்ணா. என் உச்சரிப்பைத் திருத்தினார்கள்.

லேபிள் பெண்ணின் சம்பளம்: முழு டெய்லர் சம்பளம் இப்போது தர முடியாது என்றார் மேனேஜர். ஹெல்ப்பருக்கும் டெய்லருக்கும் நடுவில் ஒரு தொகை அடுத்த வாரத்திலிருந்து, மூன்று மாதத்தில் முழுச் சம்பளம் என்றார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இன்று மாலை கவர் கொடுக்கும் முன் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் முழுதாக மலரவில்லை. "மூன்று மாதம் என்றால் எந்தத் தேதி அக்கா?" என்று கேட்டாள். தேதியை என் நோட்டிலும் அவள் நோட்டிலும் எழுதினோம். அரை ஷிப்ட் கூலியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடியும் கேட்பேன்.

பவர்டேபிள்
அடுத்த சனி, இரவு 10.50

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மேனேஜருக்கு நினைவுபடுத்திவிடுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள்.

ஓவர்லாக் தங்கை
அடுத்த சனி, இரவு 11.00

குறித்துக்கொண்டேன் அண்ணா.

பத்து நாளில் போலோ காலர் ஆர்டர் ஏறுகிறது. பிளாக்கெட் (பட்டன் பட்டி) வைக்க எத்தனை பேரை உட்காரவைப்பது என்று இந்தத் தடவை முதல் நாளே பார்க்க வேண்டும். சாம்பிள் தைத்தவரிடம் திங்கட்கிழமை நேரம் அளக்கக் கேட்டிருக்கிறேன். நொடிக்கணக்கு அண்ணா, எண்களை இங்கே பதிவிடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.